வேலி கட்டக் கொடுத்த கேபிள்

பெப்ரவரி 11, செவ்வாய்

காலையில் தேயிலை மலையில் சிறுத்தை ஒன்று கண்ணியில் மாட்டிச் செத்துக் கிடந்தது. நானும் பார்க்கப் போனேன். அதன் இடுப்பை அறுத்திருந்தது மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிள். என் கராஜில் கழற்றிப் போட்டதுதான்; கையில் குத்தாமலிருக்க நுனியில் நான் சுற்றிய சிவப்பு டேப் அப்படியே இருந்தது.

எங்கள் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற ராசு, வேலி கட்ட வேண்டும் என்று வாங்கிப் போன கேபிள் அது. அவனுக்கு ஒரு கீரைப் பாத்திகூடக் கிடையாது. காட்டுப்பன்றிக்குக் கண்ணி வைக்கிற பயல். இன்று வனஜீவராசி அதிகாரிகள் முன்னால் போய் நின்றுகொண்டு, "வாயில்லா ஜீவன் சேர், எந்தப் பாவி செஞ்சானோ" என்று கண்ணைத் துடைத்தான். துடைக்க அங்கே ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

சாயங்காலம் கராஜுக்கே வந்துவிட்டான், கையில் ஒரு பொட்டலத்தோடு.

"அண்ணே, பழைய கேபிள் கெடக்குங்களா? வேலி அறுந்துருச்சு."

மூஞ்சியில் காறித் துப்பியிருக்க வேண்டும். தேடி எடுத்து, நுனியில் டேப்பும் சுற்றிக் கொடுத்தேன்.

பொட்டலத்தில் பன்றிக்கறி. தின்றுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ருசியாகத்தான் இருந்தது.