முதல் நிபந்தனை

ஆரியசாலை, திருவனந்தபுரம்
18-3-2023

அன்புள்ள தாணு அண்ணனுக்கு,

சுஜா எழுதுவது. நலமா? முத்தாரம்மாள் அண்ணிக்கு முட்டுவலி குறைந்ததா?

போனில் பேச இனி எனக்குக் குரல் இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறீர்கள். அதனால்தான் காகிதம்.

டாக்டர் நேற்று முடிவாகச் சொல்லிவிட்டார். இன்னொரு ஆபரேஷன் செய்தால் மூச்சுக்கு வழி கிடைக்கும், பேச்சுக்குக் கிடைக்காது. தங்கச்சி ஷிஜி வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். எனக்கு அழவும் சத்தம் வரவில்லை.

மேடையில் அந்த மாடிவீட்டு செட்டின் பலகை ஆடுகிறது என்று நாம் இருவரும் ஓணத்திலிருந்தே கோலப்பன் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். "இந்த சீசன் ஓடட்டும்மா, பாப்போம்" என்றார். நான் விழுந்து, இரும்புக் குழாயில் கழுத்து அடிபட்டுக் கிடந்தபோது நீங்கள் முதலில் நாடகத்தில் எனக்குள்ள பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டீர்கள். அது வரை கேட்டது.

தொழிலாளர் அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுத்திருக்கிறேன். அதிகாரி ஷிஜியிடம், "நாடகம் செரி, ஜோலி எந்தா?" என்று கேட்டார். நாடகம்தான் வேலை என்றாள். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றார். நம்மில் யாரிடம் இருக்கிறது? முதலாளியோ நான் அவருடைய நாடக சமிதியின் ஆளே இல்லை, ஆசைக்கு வந்து நடித்தவள் என்று பதில் கொடுத்துவிட்டார்.

பதினான்கு வருஷம் மேடையில் உங்களுக்குப் பெஞ்சாதியாக நின்றிருக்கிறேன். நீங்கள் வந்து உள்ளதைச் சொன்னால் போதும்.

உங்கள் தங்கை,
சுஜா


கொல்லம் முகாம்
2-4-2023

அன்புத் தங்கை சுஜாவுக்கு,

அண்ணனின் ஆசிகள். உன் கடிதத்தை வேனில் வைத்து வாசித்தேன். பக்கத்தில் பிரஜின் இருந்ததால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அண்ணி உனக்காக இசக்கியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள். உன் வேடத்துக்குக் கோட்டயத்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்ல பிள்ளைதான். ஆனால் நான் விடும் மூச்சைப் பார்த்து வசனம் எடுக்க அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு நல்ல செய்தி. உன் விஷயம் பத்திரிகையில் வந்ததும் கலைஞர் சங்கம் முதலாளியைப் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வருகிறது. விபத்துக் காப்பீடு, மழையில் நாடகம் நின்றாலும் சம்பளம், பெண்களுக்குத் தனி அறை. என் பெயருக்குக் கீழே 'நடிகர்' என்று அச்சடித்திருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் உன்னால்தான் மக்ளே.

முதல் நிபந்தனை மட்டும் ஒரு மாதிரி இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: 'இந்நாள்வரை நானோ சக கலைஞர்களோ சமிதியின் ஊழியராக இருந்ததில்லை, கலை ஆர்வத்தால் மட்டுமே பங்கேற்றோம்.' கேட்டால், "அது வக்கீல் சும்மா எழுதினதாக்கும் அண்ணாச்சி" என்கிறார் முதலாளி. பிரஜினும் மற்றப் பையன்களும் கையெழுத்துப் போட்டாயிற்று. எனக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது. யோசிக்கிறேன்.

எதில் கையெழுத்துப் போட்டாலும், உன் விசாரணைக்கு வந்து வாயால் உண்மையைச் சொல்வேன். அண்ணனை நம்பு.

தாணுமாலயன்


ஆரியசாலை
6-4-2023

அன்புள்ள அண்ணனுக்கு,

அந்த நிபந்தனை சும்மா எழுதினது இல்லை. என்னை நினைத்து எழுதினது. என் வக்கீலிடம் காட்டினேன். சமிதியில் இருக்கும் எல்லோரும் இதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மனு நிற்காது என்றார்.

ஒப்பந்தம் வேண்டாம் என்று நான் சொல்வேனா? சங்கக் கூட்டத்தில் அதற்காகத் தொண்டை கிழியக் கத்தினவள் நான்தானே. அந்த ஒரு வரியைப் பேனாவால் வெட்டிவிட்டு மற்றதற்குக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த சீசனுக்கு உங்கள் முகத்தைப் போஸ்டரில் போட்டுத்தான் தேதி வாங்கியிருக்கிறார்கள். முதலாளியால் உங்களை விட முடியாது. நீங்கள் வெட்டினால் பையன்களுக்கும் தைரியம் வரும்.

உங்களுடைய இருபத்தாறு வருஷத்தையும் அந்த வரி சேர்த்தல்லவா அழிக்கிறது. அதையாவது யோசியுங்கள்.

சுஜா


ஆரியசாலை
20-9-2023

தாணு அண்ணனுக்கு,

ஏப்ரலில் எழுதியதற்குப் பதில் வரவில்லை. வழியில் தொலைந்திருக்கும் என்று விசாரணை நாள் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாளியின் காரிலிருந்து நீங்கள் இறங்கியதைப் பார்த்தேன். அப்போதும் நம்பிக்கை போகவில்லை.

"இவங்க உங்க சமிதியில வேலை பாத்தவங்களா?" என்று அதிகாரி உங்களிடம் கேட்டார்.

"வருவாங்க, நடிப்பாங்க, போவாங்க. ஆசைக்குத்தான் சார்."

"எத்தன வருஷமா?"

"கணக்கு வச்சதில்ல."

மேடைக் குரலில் சொன்னீர்கள். தெளிவாக, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. ஷிஜி எழுந்து, "அண்ணாச்சி, எங்கக்கா முகத்தப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். நீங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். நான் மேசையில் ஓங்கித் தட்டினேன். "சத்தம் போடாதீங்க" என்றார் அதிகாரி. எனக்குக் குரல் போன பிறகு அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை.

மனு தள்ளுபடி ஆகிவிட்டது. உத்தரவில் மனுதாரரின் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டிருக்கிறார்கள்.

இதற்குப் பதில் வேண்டாம்.

சுஜா


கரமனை
11-10-2024

அன்புள்ள சுஜாவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். எழுதாமல் இருந்து பார்த்தேன்.

மே மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிந்தது. ஒத்திகையில் இரண்டு தடவை வசனம் மறந்தேன். ஓணத்துக்குப் புது நாடகம் போட்டபோது என்னைக் கூப்பிடவில்லை. கேட்கப் போனேன். "ஒப்பந்தப்படிதானே அண்ணாச்சி" என்றார் முதலாளி. காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

கலைஞர் ஓய்வூதியத்துக்கு மனு போட்டிருக்கிறேன். இத்தனை வருஷம் தொழிலாக நடித்தேன் என்று காட்ட வேண்டும். முதலாளி ஒரு வருஷத்துக்குத்தான் சான்றிதழ் தருகிறார். மீதியெல்லாம் ஆசைக்கு நடித்ததாம். என் கையெழுத்தையே எடுத்து என்னிடம் காட்டுகிறார்.

கூட நடித்தவர்கள் வந்து சொன்னால் பார்க்கலாம் என்கிறார்கள் அலுவலகத்தில். பிரஜினைக் கேட்டேன். "ஒப்பந்தம் புதுக்குற நேரம், என்னைய விட்ருங்க" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அண்ணிக்கு இப்போது நடக்க முடியவில்லை. உன்னைக் கேட்க எனக்கு முகமும் இல்லை. வேறு ஆளும் இல்லை. வருவாயா?

தாணுமாலயன்


ஆரியசாலை
20-10-2024

திரு. தாணுமாலயன் அவர்களுக்கு,

வருகிறேன்.

உங்கள் அம்மாவுக்குக் கொள்ளி வைத்த அன்று சாயங்காலமே ஆலப்புழையில் கோமாளிக் கிழவன் வேடம் கட்டி ஊரைச் சிரிக்க வைத்தீர்கள். மஞ்சள் காமாலையோடு வேனில் படுத்து வந்து மேடை ஏறினீர்கள். ஆசைக்கு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். நீங்கள் பார்த்தது வேலைதான். அதை எழுதித் தருகிறேன், ஷிஜி வாசிப்பாள்.

அதனால் பலன் இருக்கும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் போட்ட கையெழுத்தைக் காட்டுவார்கள். அப்புறம் என் உத்தரவைக் காட்டி, தொழிலே இல்லாதவள் உமக்கு எப்படிச் சக கலைஞர் ஆனாள் என்று கேட்பார்கள்.

விசாரணை அன்று என் பக்கத்தில் உட்கார வேண்டாம். முடிந்ததும் நன்றி சொல்ல வராதீர்கள். நானும் ஷிஜியும் பஸ் பிடித்துப் போய்விடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்து அண்ணியைப் பார்ப்பேன். அந்த நேரம் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டாம்.

சுஜா