ஐஸ் பெட்டியில் நீ போட்ட ஓட்டை

இன்று மத்தியானம் மீன் விற்று முடித்து ஐஸ் பெட்டியைக் கழுவினேன். ஒயர் நுழைப்பதற்காக அதன் பக்கவாட்டில் நீ போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிப் புடவையை நனைத்துவிட்டது. தினமும் துணியைத் திருகி அடைத்துத்தான் மீன் கொண்டுபோகிறேன். கழுவும்போது மறந்துபோகிறது. "வேற பெட்டி வாங்கேன்டி" என்று மார்க்கெட்டில் சொல்கிறார்கள். வாங்கமாட்டேன். ஓட்டை போட்டவன் செத்துப்போனான் என்பதற்காக ஓட்டையையும் தூக்கிப் போட முடியுமா?

நீ போனதிலிருந்து உன்னோடு பேசாத நாளில்லை. எழுதுவது இதுதான் முதல் தடவை. அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சிரிக்காதே.

மீன்பிடி போட்டுகளுக்கு எஞ்சின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த உனக்கு அந்த மெஷின் ஆசை எங்கிருந்து வந்ததோ. நம் கோட்டைக்குப்பம் கரையில் நிற்கிற போட்டுகளில் பெயிண்டில் எழுதின பெயரெல்லாம் ஒரு மழைக்காலத்துக்குள் உரிந்துபோகும், பலகையில் செதுக்கினால் நிற்கும் என்றாய். கம்ப்யூட்டர் சொல்கிறபடி செதுக்குகிற மெஷினை நாமே செய்துவிடலாம் என்றும் சொன்னாய். கடையில் விற்பது நமக்கு எட்டாது. பழைய அலுமினியச் சட்டம், பழைய கம்ப்யூட்டர் எல்லாம் தேடிச் சேர்த்துவிட்டாய். மோட்டாரும் அதை ஓட்டுகிற போர்டும்தான் பாக்கி. பொன்னேரியில் ரயில் பிடித்து, சென்னையில் எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்கு என்னையும் கூட்டிப் போனாய், பேரம் பேச.

"சர்வோ மோட்டார் போடுங்கண்ணே. ஃபேக்டரியில எல்லாம் அதான்" என்றார் கடைக்காரர்.

"நம்மது ஃபேக்டரி இல்லபா, ஓலைக் கொட்டாய். ஸ்டெப்பர் குடு" என்றாய் நீ.

ஸ்டெப்பர் என்றால், எத்தனை அடி வைக்கச் சொல்கிறோமோ அத்தனை அடி வைத்து, சொன்ன இடத்தில் நிற்கிற மோட்டார். ஒரு தட்டில் பழைய பிரிண்டரிலிருந்து கழற்றின மோட்டார்கள் சல்லிசாகக் கிடந்தன. நான் ஒன்றை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன்.

"இதுவும்தான் சுத்துது. இத்தையே வாங்கேன்யா."

"அது காயிதம் இழுத்த மோட்டாருமே. பலகையில வுட்டா தெணறி அடி தவறும். எழுத்து கோணிக்கும்."

புது மோட்டாரைக் காட்டினார்கள். நான் தூக்கி, குலுக்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நீ கடைக்காரரிடம், "வுட்டா செவுளத் தொறந்து பாப்பா" என்றாய். அவர் சிரித்த சிரிப்பில் விலையைக் கொஞ்சம் இறக்கினேன். மோட்டார்கள் நல்லதாக வாங்கினாய். அதற்குக் கரன்ட் அளந்து கொடுக்கிற டிரைவர் போர்டுகளில் மட்டும் சின்னதாக, மலிவாகப் பார்த்து எடுத்தாய். "இதுக்கு டிரைவரு வேறயா, லைசென்ஸு இருக்குதா?" என்று கேட்டேன். "மோட்டாருல மிச்சம் புடிக்கக் கூடாதுமே. போர்டு போனா போர்ட மட்டும் மாத்திக்கலாம்" என்றாய்.

வீட்டில் சுவிட்சைப் போட்டுவிட்டு மோட்டாரின் தண்டை என் விரலில் பிடிக்கக் கொடுத்தாய். திருப்பிப் பார்க்கச் சொன்னாய். கரன்ட் இல்லாதபோது லேசாகச் சுற்றியது, இப்போது அசையவில்லை.

"இன்னாயா இது, இம்மாம் பிடிவாதம்?"

"உன் ஜாதகத்தக் காட்டித்தான் வாங்குனேன்."

அப்புறம்தான் நாம் அந்தக் கூத்தைச் செய்தோம். நம் ஊர் உப்புக் காற்றில் ரேடியோவுக்குள்ளேயே பச்சை பூக்கிறது, போர்டு எத்தனை நாள் தாங்கும் என்று கவலைப்பட்டாய். என் ஐஸ் பெட்டியைக் கேட்டாய். "காத்தும் போவாது, சூடானாலும் பெட்டி குளுகுளுன்னு வெச்சிக்கும்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மீனைக் காப்பாற்றுகிற பெட்டி போர்டைக் காப்பாற்றாதா? ஓட்டை போட்டு ஒயர் விட்டு, மூடியை இறுக்கி மூடினோம்.

நம் கரையிலேயே இருக்கிற சாந்தா அக்கா, தன் புதுப் போட்டுக்குப் பெயர்ப்பலகை கேட்டிருந்தார்கள். 'கன்னியம்மா'. அதற்கு முன்னால் ஒத்திகைக்கு ஒரு பலகையில் வெட்டினாய். 'க' அழகாக வந்தது. அடுத்த எழுத்து பாதியில் ஒரு மோட்டார் நின்று, மறுபடி ஓடி, எழுத்து இரண்டாக விலகிப்போனது. மோட்டார்தான் மோசம் என்று திட்டிக்கொண்டே நீ கழற்ற ஆரம்பித்தாய். நான் மூடியைத் தூக்கிக் கையை உள்ளே விட்டேன். சோற்றுப் பானையைத் திறந்ததுபோல் ஆவி.

"யோவ், இந்தப் பெட்டி குளிரு குடுக்காதுய்யா. உள்ள இன்னா வெக்கிறமோ அத்தத்தான் வெச்சிக்கினு இருக்கும். ஐஸ் வெச்சா ஐஸ், சூடு வெச்சா சூடு."

நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். "தெனம் ஐஸ் வாங்குற வூட்ல இது தோணல பாரு!"

ஒரு டிரைவர் கருகியிருந்தது. வெள்ளிக்கிழமை போய் வாங்கி வருகிறேன் என்றாய். வெள்ளிக்கிழமையை நீ பார்க்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனை ஆட்டோவில் ஏற்றினோம். வழியிலேயே போய்விட்டாய்.

காரியம் முடிந்த மறுவாரமே உன் அண்ணன் பழைய இரும்புக்காரனோடு வந்து நின்றார்.

"அவனே பூட்டான். இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? எட போட்டுக் குடுத்துடு."

"சாந்தா அக்காவுக்குப் பேர் பலகை வெட்டணும், பெரிய மாமா."

"யாரு, நீயா? தாலி அறுத்தவ வெட்டுன பேர மாட்டிக்கினு புதுப் போட்டு தண்ணியில எறங்குமா? ஊரு வுடுமா?"

போட்டு இறங்குகிற நாளில் என்னைப் போன்றவள் எதிரில் வரக் கூடாது, வீட்டுக்குள் இருக்க வேண்டும். நம் கரையில் அதுதானே வழக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வலையில சிக்குனத எடுக்க இந்தக் கை வேணும், கூடையில வாரிக்கினு போய் விக்க இந்தக் கை வேணும். பேர் வெட்ட மட்டும் ஆவாதா? தராச எடுத்துக்கினு கெளம்பச் சொல்லுங்க அந்தாள."

சாந்தா அக்காவுக்கும் உள்ளுக்குள் பயம்தான். "எனக்கு ஒண்ணும் இல்லடி. ஊரு வாய்க்குத்தான்…" என்று இழுத்தார்கள்.

"பலகையப் பாருக்கா. பாத்துட்டு வாணாம்னா அடுப்புல வெச்சிடு."

ஒரு மோட்டாரை மீன் பையில் போட்டுக்கொண்டு நான் மட்டும் ரயில் ஏறினேன். "அண்ணன் வரலியா?" என்று கடைக்காரர் கேட்டார். "இனிமே நான்தான் வருவேன். டிரைவர் குடுங்க." அவர் பெரிய டிரைவராக எடுத்து வைத்து, இது சூடு தாங்கும் என்றார். விலையும் பெரிது.

"இந்த மோட்டாருக்குச் சின்னது பத்தாதாண்ணே?"

மோட்டாரில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "பத்தும்மா. காத்து மட்டும் வேணும்."

"அப்ப சின்னதே குடுங்க. ஒரு ஃபேனும் குடுங்க."

டிரைவரில் இருக்கிற சின்ன ஸ்குரூவைத் திருகி, கரன்ட் அளவையும் அவரே வைத்துக் கொடுத்தார். அடியில் துளை போட்ட மரப்பெட்டியில் போர்டை வைத்தேன். துளைக்கு மெல்லிய துணி, மேலே ஃபேன். வேலை முடிந்து சூடு ஆறினதும் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடிவிடுவேன். நீ போட்டுவைத்த 'கன்னியம்மா' கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. எதை எதை அமுக்குவாய் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள்தானே நான்.

வேப்பம் பலகை. முதல் எழுத்து வந்தது. இரண்டாவதில் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். விலகவில்லை. புள்ளி மிளகு மாதிரி விழுந்தது. அப்போதுதான் அழுதேன்.

சாந்தா அக்கா எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்: "ஸ்குரு எங்கடி? நீயே வந்து மாட்டு."

போட்டு இறங்குகிற நாளில் நான் வீட்டுக்குள் இருக்கவில்லை. எல்லார் கண்ணெதிரிலும் பலகையை நானே முடுக்கினேன். உன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போட்டு கடலுக்குப் போனது, வந்தது. மற்ற போட்டுகளைப் போலத்தான்.

இப்போது இன்னொரு போட்டுக்காரர் பலகை கேட்டிருக்கிறார். அந்த வேலையில் இருந்தபோதுதான் நேற்று உன் அண்ணன் மறுபடி வந்தார். இந்த மெஷினை ஓரமாகத் தள்ளினால் தன் போட்டு எஞ்சினை வைக்க இடமாகும் என்றார். சொல்லிக்கொண்டே, உன் விரலும் என் விரலும் பிடித்த அந்த மோட்டார்த் தண்டைப் பிடித்துத் திருப்பினார். சுவிட்ச் போட்டிருந்தேன், இன்னும் வெட்ட விடவில்லை. ஒரு கையால் பார்த்தார், இரண்டு கையாலும் பார்த்தார்.

"இன்னாமா இது, மாட்டிக்கிச்சா?"

"இல்ல பெரிய மாமா. நிக்குது."