வலது பக்கத்துப் பின்னல்

சுருளி,

இன்று காலை இந்த வீட்டு அடுப்பில் வெண்ணெய் உருக்கினேன். மணம் எழும்பியதும் என் விரல்கள் உன் தலையைத் தேடின. இங்கே வேலைக்காரி நான் ஒருத்திதான். பேச ஆளில்லாமல் என் குரலே எனக்கு மறந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. உனக்குத் தமிழ் வாசிக்கவே தெரியாது. பிழை கண்டுபிடிக்க மாட்டாய்.

அரபு நாட்டில், அந்தச் சத்வா பகுதி வீட்டில் சமையலறைக்குப் பின்னால் நம் அறை. எனக்குச் சமையல், உனக்குப் பிள்ளைகள். முதல் நாள் நீ முக்காட்டை அவிழ்த்தாய். தலையோடு சுருண்டு கிடந்த முடியைப் பார்த்து, "பாவம், வளரவே இல்லையே" என்றேன். நீ ஒரு சுருளைப் பிடித்து நீட்டினாய். தோளுக்குக் கீழே வந்தது. விட்டதும் மேலே ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து நீ எனக்குச் சுருளி.

அந்த வெள்ளிக்கிழமை உனக்குத் தலைவாரிவிட உட்கார்ந்தேன். எங்கள் பழக்கத்தில், காய்ந்த முடியில் உச்சியிலிருந்து சீப்பை இழுத்துவிட்டேன். கொத்தாக வந்தது. உன் கண்ணில் தண்ணீர்.

"அக்கா, நான் கோழியா?"

"மெதுவாத்தானடி இழுத்தேன்."

"சீப்பு மாஃபி, வேணாம். முதல்ல தண்ணி. அப்புறம் விரல். கீழேர்ந்து மேலே. ஷ்வை ஷ்வை, மெதுவா."

பாதி ஹிந்தி, பாதி அரபி, என்னிடம் பொறுக்கிய தமிழ். அந்தப் பேச்சில்தான் எல்லாம் கற்றுக்கொடுத்தாய். தலையை நான்காகப் பிரிப்பது, நுனியிலிருந்து சிக்கெடுப்பது, வெண்ணெய் தடவிப் பின்னுவது, பின்னியதை இரண்டு வாரம் தொடாமல் விடுவது. "சோத்துல போட வேண்டியதைத் தலையில போடுறியே" என்பேன். "சோறு போகும், முடி நிக்கும்" என்பாய். அந்த ஊர்த் தண்ணீரில் என் முடி கொட்டிக்கொண்டே போனது. உன்னுடையது பின்னலுக்குள் பத்திரமாக வளர்ந்தது.

வெளிநாட்டுக்குப் போனால் தலை மொட்டையாகித்தான் திரும்புவாய் என்று எத்தியோப்பியாவில் உன் அம்மா அழுதாளாம். இடுப்பு வரை வளர்த்துக்கொண்டு போய் அவள் முன்னால் அவிழ்த்துக் காட்ட வேண்டும் என்பது உன் ஆசை. மாதம் ஒருமுறை ஒரு சுருளை நீட்டி, கறுப்பு நூலில் அளந்து முடிச்சுப் போடுவோம். கடைசி முடிச்சு இடுப்புக்கு நாலு விரல் மேலே நின்றது. லீவுக்கு இன்னும் இரண்டு மாதம்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை இடது பக்கம் பின்னி முடித்திருந்தேன். விருந்தாளி வந்துவிட்டார்கள் என்று மேடம் கூப்பிட்டாள். இரண்டு பேரும் ஓடினோம். எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு மறுபடி என் முன்னால் வந்து உட்கார்ந்தாய்.

"கை விட்டுப்போச்சுடி. அடுத்த வெள்ளி பார்க்கலாம்."

"சரி அக்கா. நான் பாதி அழகி" என்று சிரித்துவிட்டு முக்காட்டைக் கட்டினாய்.

செவ்வாய்க்கிழமை ரொட்டி வாங்க ரோட்டைத் தாண்டிய உன்னை ஒரு கார் அடித்தது. வீட்டு டிரைவர் சமையலறை வாசலில் நின்று "கலாஸ்" என்றான். முடிந்துவிட்டது என்று அந்த ஒரு சொல்தான். ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று கெஞ்சினேன். அடுப்பில் வேலை இருக்கிறது என்றாள் மேடம். உன் பெட்டியையும் உன்னையும் அதே வாரம் உன் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நூல் மட்டும் என் தையல் டப்பாவில் இருந்ததால் தங்கிவிட்டது.

என் கை அன்றைக்கு அவ்வளவு ஒன்றும் வலிக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போதும் என் கொஞ்ச முடியை நனைத்து, விரலால், நுனியிலிருந்துதான் சிக்கெடுக்கிறேன். சில நாள் அந்த நூலை என் தலையில் வைத்துத் தொங்கவிட்டுப் பார்ப்பேன். உன் அம்மா முக்காட்டை அவிழ்த்திருப்பாள். இடது பக்கம் நான் போட்ட பின்னல் இருந்திருக்கும். அந்த வலது பக்கத்தை யார் பின்னிவிட்டார்கள், சுருளி?