டப்பாவின் அடியில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி எப்படி இருக்கு? அப்பா மாத்திரையை ஒழுங்கா போடுறாங்களா? எனக்குப் படிப்பு, சாப்பாடு ஒண்ணுலயும் குறை இல்லை. வகுப்புல எல்லாரும் என்னைச் செண்பகான்னுதான் கூப்பிடுறாங்க.

ஒரு சின்ன வேடிக்கை கேளு. காலேஜுக்குக் கிளம்பும்போது நீ அடியில பெயர் வெட்டித் தந்த எவர்சில்வர் டப்பாவைக் கழுவும்போது, "யாருடி அய்யாதுரை, உன் அண்ணனா?"ன்னு ரூம்மேட் சிம்ரா கேட்டா. "நான்தான்"னு சொல்லிட்டேன். அவ மறுநாள் தி.நகர் பாத்திரக்கடைக்கு என்னை இழுத்துக்கிட்டுப் போயிட்டா.

பெயர் வெட்டுறவர், "பழசைத் தேய்ச்சிடவாம்மா?"ன்னு கேட்டார். நீ பக்கத்துல நின்னு வெட்டி வாங்கினது, எனக்கு மனசு வரலை. "அது இருக்கட்டும், கீழே செண்பகான்னு வெட்டுங்க"ன்னேன்.

டப்பாவுக்குள்ளேயே இந்தக் கடிதத்தை வச்சு, ஊருக்குத் திரும்புற சித்திகிட்ட கொடுத்தனுப்புறேன். முறுக்கு சுட்டுப் போட்டு அனுப்பும்மா. ஞாயித்துக்கிழமை சிம்ரா அவ வீட்டுக்குப் போயிடுவா. ரூம் வெறிச்சுன்னு கிடக்கும்.

முறுக்கு போடுற வரைக்கும் டப்பாவை, அப்பா சாப்பிட உட்காருற இடத்துக்கு எதிரே கவிழ்த்து வை. நீ எதுவும் சொல்லாதே. அவங்களே படிக்கட்டும்.

சித்தி பஸ்ஸுக்கு அவசரப்படுத்துறா.

உன் மக,
செண்பகா