இராஜேஸ்வரி அன்ரியின் கேள்வி

ஸ்காபரோ, கனடா
சனிக்கிழமை, தை 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய இரக்கத்தால் சுகமாக இருக்கிறேன். உங்கள் இளைப்புக் குறைந்ததா? அம்மா நன்றாகத் தூங்குகிறாவா?

சனிக்கிழமைகளில் சபையாரோடு வீடுவீடாகப் போய்ச் சுவிசேஷம் சொல்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை. சிலர் கதவைச் சாத்துவார்கள், சிலர் தேநீர் தருவார்கள். இங்கே மில்லிக்கன் பகுதியில் இராஜேஸ்வரி அன்ரி என்று ஒரு சைவப் பெண். "குட்டிப் பாதிரியார் வந்திட்டார்" என்று பகிடி பண்ணியபடியே வடை தருவார்.

போன கிழமை அவருடைய மகன் ஊரில் ஷெல் விழுந்து இறந்துபோனான். அந்தச் செத்தவீட்டுக்கு நித்திய ஜீவனைப் பற்றிப் பேச ஆயத்தமாகத்தான் போனேன். அன்ரி கேட்டார்:

"தம்பி, உங்கட ஆண்டவரை ஏற்றுக்கொண்ட ஆக்களுக்குத்தான் மோட்சம் எண்டு சொன்னனீங்கள். அப்ப என்ர பிள்ளை எங்க?"

அது நான் வாரந்தோறும் சொல்லிவந்ததுதான். அன்று வேதாகமத்தைப் பைக்குள் வைத்தேன்.

எழும்பியபோது பழக்கத்தில், "போட்டு வாறன் அன்ரி" என்றுவிட்டேன். செத்தவீட்டில் சொல்லக்கூடாததைச் சொன்னதால் அவருடைய தம்பி முறைத்தார்.

"விடு, வரட்டும்," என்றார் அன்ரி. "வாங்கோ தம்பி. மறுமொழியோட வாங்கோ."

அப்பா, இத்தனை வருடம் ஊழியம் செய்தீர்களே, உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டார்களா? வேதவசனம் வேண்டாம், நீங்கள் அவர்களுக்குச் சொன்னதை எழுதுங்கள். கொழும்பிலிருந்து ஆள் வந்தால் மிளகாய்த்தூள் அனுப்புங்கள். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன், எதுவும் உறைப்பதில்லை.

சபையார் கீழே ஹோர்ன் அடிக்கிறார்கள். இன்றும் மில்லிக்கன்தான். அன்ரியின் கதவை நானே தட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மகன்
அருள்நேசன்