ஊசி போடாத டாக்டருக்கு எவ்வளவு

ஜூலை 8, திங்கள்
காலையிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. கடைக்கு பி.வி.சி. பைப் லோடு வந்தது, இறக்க ஆள் வரவில்லை. இன்று நான் செய்த கூத்தை எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

மகள் சுதா அடுத்த வாரம் இங்கே முக்கூடலில் கிளினிக் திறக்கிறாள். பொது மருத்துவத்தில் எம்.டி. பீஸ் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டேன். "பைய யோசிப்போம்ப்பா" என்றாள். பத்தாங்கிளாஸை இரண்டு தடவை எழுதினவனுக்கு வேறு என்ன தெரியும்? எந்தச் சரக்கானாலும் முதலில் பக்கத்துக் கடையில் விலை விசாரிக்கணும். அம்பாசமுத்திரம் போனேன். அங்கே ஒரு பழைய டாக்டர், நல்ல கூட்டம். நோயாளி மாதிரி உட்கார்ந்தேன். பெயர் சண்முகம், நோய் தலைவலி. இரண்டும் பொய்.

பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அதற்குள் கம்பவுண்டர் எட்டிப் பார்த்து, "பைப்கடை அண்ணாச்சில்லா. மகளுக்குக் கிளினிக் தொறக்கியளாமே" என்றான்.

டாக்டர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "வெல கேட்டு வந்தீரா வே?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"பிரஷர் நெசமாவே கூட இருக்கு. உப்பக் கொறையும்."

ரூபாயை நீட்டினேன். தள்ளிவிட்டார். "டாக்டர் வீட்டு ஆளுககிட்ட நாங்க வாங்குதது கிடையாது. வழக்கம்."

ஆக, போய் வந்த பலன்: பிரஷர் உண்டு. பீஸ் தெரியவில்லை. ராத்திரி ஊறுகாய் கட். வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் விளக்கு போட்டார்கள்.

ஜூலை 9, செவ்வாய்
காற்று. கடை போர்டு ஆடுகிறது. விசாரித்த வரைக்கும்:
பஸ் ஸ்டாண்டு டாக்டர் - 150. ஊசி, மூன்று நாள் மாத்திரை எல்லாம் சேர்த்து.
பல் டாக்டர் - பார்க்க 200. பிடுங்கத் தனி.
ஞாயிறு மட்டும் நெல்லையிலிருந்து வரும் குழந்தை டாக்டர் - போர்டு கிடையாது. உள்ளே போய் வந்த பிறகு 400 என்பார்கள்.

இதையெல்லாம் யார், எப்படி முடிவு பண்ணுகிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டு டாக்டரின் ஆளிடம் கேட்டேன். "முன்ன இருந்தவரு நூறு வாங்குனாரு. பெட்ரோல் ஏறிச்சு, நாங்களும் ஏத்திட்டோம்." அவ்வளவுதான். என் கடையிலாவது கொள்முதல் பில் இருக்கிறது.

சாப்பிடும்போது சுதா சொன்னாள்: தேவையில்லாமல் ஊசி கிடையாது, மாத்திரை எழுதித்தான் தருவாள், நோயாளியைக் கேட்டுப் பார்ப்பதற்குத்தான் பீஸ்.

"கேள்வி கேக்கதுக்கு யாரும்மா காசு தருவா?"

"நூறு ரூவா. ஒரு வாரத்துக்குள்ள திரும்பி வந்தா வாங்கக் கூடாதுப்பா. அதே நோய்க்குத்தான வாறாக. நான் இன்னும் சரி பண்ணி முடிக்கலைல்லா."

தலையாட்டினேன். கையில் மோர் டம்ளர், உப்பில்லாமல்.

ஜூலை 17, புதன்
கிளினிக் திறந்து மூன்றாம் நாள். டோக்கன் கொடுக்கும் உத்தியோகம் எனக்கு. மாலை மட்டும். 14 பேர். பெஞ்சில் இரண்டு பெண்கள், நான் இருப்பதே தெரியாத மாதிரி:

"ஊசி போடுதாளா?"

"எங்க. நாக்க நீட்டச் சொல்லுதா, முதுகுல கொழா வக்கா, கால் மணி நேரம் கேள்வி கேக்கா. அதுக்கு நூறு."

"கேள்விக்கா நூறு!"

சுருக்கென்றது. அத்தனை வருஷப் படிப்பு.

பின்தெருவில் பீடி சுற்றும் பேச்சியம்மாள் வந்தாள். இருமல், காய்ச்சல். சுதா அரை மணி நேரம் விடவில்லை. மாத்திரை எழுதி, வாசல் வரை வந்து, "சனிக்கிழம கட்டாயம் வாங்கக்கா, நெஞ்ச மறுபடி பாக்கணும்" என்றாள்.

ஜூலை 20, சனி
கூட்டம். மழைத் தூறல். மத்தியானம் கடையில் உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவு எடுத்திருந்தேன்: திரும்பி வருபவர்களுக்கு ஐம்பது. சும்மா கொடுத்தால் மட்டச் சரக்கு என்று நினைப்பார்கள். சுதாவிடம் கேட்கவில்லை.

ஆறு மணிக்குப் பேச்சியம்மாள். ஐம்பது என்றேன்.

"திரும்ப வாறதுக்கு இல்லன்னு டாக்டரம்மா சொன்னாவளே அண்ணாச்சி."

"அது உள்ள. இங்கன அம்பது."

பர்ஸைத் திறந்து பார்த்து மூடினாள். "புதங்கெழமதான் கூலி போடுவாவ. அன்னைக்கு வாறேன்."

"சரிம்மா, பைய வாங்க" என்றேன். வாங்கின பைப்பைத் திருப்பிக் கொண்டுவருபவர்களிடம் பேசும் அதே குரல். படியில் நின்று இருமினாள். ஏழாம் நம்பரைக் கூப்பிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்
வெயில். ஒன்றும் ஓடவில்லை. பேச்சியம்மாளை நேற்று விடியற்காலை ஆட்டோவில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்களாம். பெரியாஸ்பத்திரி. மூச்சு விட முடியவில்லை. நெஞ்சில் சளி கட்டி, ஆக்சிஜன். வீட்டுக்காரிதான் வந்து சொன்னாள்.

சுதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "சனிக்கிழம வரச் சொன்னேனே. பாத்திருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பேன். எப்பா, அந்தக்கா வந்தாகளா?"

"கூட்டமா இருந்துச்சும்மா. கவனிக்கல."

எவ்வளவு சுலபமாக வந்தது.

"ஊசி போடலைன்னு நம்பிக்க வரல போல" என்றாள். "எல்லாரும் போடுத மாதிரி நானும் ஒண்ணு போட்டு அனுப்பியிருக்கணும்."

ஐம்பது வாங்கியது மொத்தம் மூன்று பேரிடம். சாயங்காலம் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தேன். ஒருவரும் காரணம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அம்பாசமுத்திரம் டாக்டர் என்னிடம் வாங்கவில்லை. எனக்குக் கொடுக்க வசதி இருந்தது.

ஜூலை 30, செவ்வாய்
பேச்சியம்மாள் தேறிவிட்டாளாம், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடையில் ஒருவர் முக்கால் இஞ்ச் பைப் கேட்டதற்கு ஒரு இஞ்ச் கொடுத்தேன். ஒரு பெட்டி சத்து ஊசி வாங்கி வரச் சொல்லி சுதா சீட்டு எழுதித் தந்திருக்கிறாள். சட்டைப் பையிலேயே இருக்கிறது. மருந்துக்கடை அடைப்பு என்று சொல்லியிருக்கிறேன். அவளிடம் இரண்டாவது பொய்.

ஆகஸ்ட் 3, சனி
மறுபடி காற்று. மாலை ஆறு மணிக்குப் பேச்சியம்மாள். பாதியாக மெலிந்திருந்தாள். பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே ஐம்பது ரூபாயை மேஜையில் வைத்தாள்.

"மொதல்ல இத வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி."

குத்திக் காட்டவில்லை. அதுதான் விலை என்று நினைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். வேண்டாம் என்று கையைத்தான் ஆட்ட முடிந்தது. குரல் கேட்டு சுதா வெளியே வந்துவிட்டாள்.

"அன்னைக்கு ஏன்க்கா வரல?"

பேச்சியம்மாள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சுதாவைப் பார்த்தாள்.

"பீடிக்கட்டு பாக்கி கெடந்துச்சும்மா. சோலி முடியல."

சுதா என் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னேன்லாப்பா, நம்பிக்க வரலைன்னு. அந்த ஊசி எப்பம்தான் வரும்?" கேட்டுவிட்டு, பேச்சியம்மாளின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள். ஐம்பது ரூபாய் காற்றில் பறக்கப் பார்த்தது. டோக்கன் கட்டையை எடுத்து மேலே வைத்தேன். எழுந்து கதவு வரை போனேன். கையைக்கூடத் தூக்கினேன், தட்ட. தட்டவில்லை. இங்கேதான் எழுத முடிகிறது:

சுதா, அந்தக்கா சொன்ன நாளுக்கு வந்தாம்மா. உன்ன நம்பித்தான் வந்தா. நான்தான் திருப்பி அனுப்பினேன்.