ஸ்கேல் வைத்து வெட்டிய வெள்ளி

டிசம்பர் 28
மொட்டை மாடி. சூரியன் இறங்கி இருபது நிமிடம். தொலைநோக்கியில் வெள்ளிக் கிரகம், நிலா மாதிரியே நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு; ஐந்தாவது படம். பத்து வரைந்து அனுப்பினால் கோள் நோக்குவோர் சங்கத்தில் இடம் கிடைக்கலாம். இரண்டு வருட ஆசை.

காயப்போட்ட துணி எடுக்க வந்த அண்ணி: "என்ன விஞ்ஞானி, உங்க ஆளு வந்தாச்சா?"

ஜனவரி 5
அண்ணி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தார், கழுத்தில் இஞ்ச் டேப்போடு. கண்ணை வைத்தார்.

"சரிபாதி. ஸ்கேல் வச்சு வெட்டுன மாதிரி."

"இல்லண்ணி. பாதியாக இன்னும் ஆறு நாள் இருக்கு. கிரகக் கணக்கு அட்டவணையில போட்டிருக்கு."

"அட்டவணைய அதுக்குப் படிச்சுக் காட்டுனீங்களா?"

துண்டுத்தாளில் தானே வரைந்து, தேதி போட்டு, என் நோட்டில் செருகிவிட்டுப் போனார். நான் லேசாக வயிறு தள்ளிய வெள்ளியை வரைந்தேன். பார்த்தேனா? பார்த்ததாகத்தான் நினைக்கிறேன்.

ஜனவரி 11
இன்று பாதி. இருந்தே ஆக வேண்டும்.

வெளிச்சமும் இருட்டும் பிரியும் கோடு உள்ளே குழிந்திருந்தது. கண் அசதி — காற்று — எதுவோ. நேராக வரைந்தேன்.

ஜனவரி 13
பத்தும் அனுப்பியாச்சு.

ஜனவரி 22
சங்கச் செயலாளரின் பதில்: "உங்கள் படங்கள் அட்டவணையோடு அச்சாகப் பொருந்துகின்றன. அட்டவணை எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது."

அண்ணியிடம் சொன்னேன். சிரிப்பாரோ என்று பயந்தேன். சிரித்தார். ரொம்ப நேரம்.

"அளவெடுக்க ஆள் வர்றதுக்கு முன்னாடியே சட்டைய முடிச்சிட்டீங்களே தம்பி!"

ஜனவரி 23
செயலாளருக்கு எல்லாவற்றையும் எழுதினேன் — பதினொன்றாம் தேதி நிஜமாகக் கண்டதையும். அண்ணியின் துண்டுத்தாளையும் சேர்த்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 30
செயலாளரின் பதில்: மாலை வெள்ளி கணக்குக்குச் சில நாள் முன்பே பாதியாகத் தெரியுமாம். அதைக் கண்டு சொல்பவர்களைத்தான் தேடுகிறார்களாம். அண்ணியைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு? "புதிதாகப் பத்துப் படங்கள்."

"சங்கத்துல எனக்கு ஜூனியர் நீங்க," என்றார் அண்ணி. "டார்ச்ச ஆட்டாம பிடிங்க."

பிப்ரவரி 1
பிறை நிலா. பக்கத்திலேயே வெள்ளி, இன்னொரு குட்டிப் பிறையாக. என் புது வரிசையில் முதல் படம். கொஞ்சம் கோணல்.

மேலே வந்த அண்ணன் எட்டிப் பார்த்தான். "அட்டவணையில எப்படிடா போட்டிருக்கு?"

"தெரியல. அண்ணி அந்தத் தாள்ல காலருக்கு அளவு வெட்டிட்டாங்க."

"அடிப்பாவி!"

"நான்தான் குடுத்தேன்."